எங்கள் உடம்பு எடுக்கும் நேரத்துக்குத் தண்டம் கட்டோம்

பிரித்தானியாவில் கார் ஓட்டுகிற, அல்லது காரில் ஏற்றிச் செல்லப்படுகிற, உடல் இயலாமையோடு வாழும் தமிழர்களாகிய நாங்கள் இதை எழுதுகிறோம். எங்களில் போரில் காலை இழந்து வந்தவர் இருக்கிறார். நீரிழிவால் பாத விரல்கள் போனவர் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கில் பொருத்திய குமிழைப் பிடித்து ஒற்றைக் கையால் ஓட்டுபவர் இருக்கிறார். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஆனால் முப்பது அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டும், அப்படிப்பட்டவரும் இருக்கிறார். இவர்களை மருத்துவமனைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருகிற மகள்களும் மருமகன்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கக் கூட்டம் போட்டால் தலைவர் யார், செயலாளர் யார் என்று பேச்சுப் போகும், இரண்டாம் வருடம் இரண்டு இயக்கமாகிவிடும். நம்மவர் சங்கங்களின் வரலாறு எல்லோருக்கும் தெரியும். ஆகவே முதலில் கொள்கையைச் சொல்லிவிடுகிறோம்.

கொள்கை ஒன்றுதான். இயலாமை காரணமாக ஒருவருக்குத் தரிப்பிடத்தில் கூடுதலாகச் செல்லும் நேரம் அவருக்கு உரிய நேரம். அதற்குத் தண்டம் கேட்கும் நிறுவனம் இந்த நாட்டின் சமத்துவச் சட்டத்துக்கு எதிராக நடக்கிறது என்பதே எங்கள் நிலைப்பாடு. அவர்களிடம் இரக்கம் கேட்டு எழுதுவதை இன்றோடு நிறுத்துகிறோம். இனிச் சட்டத்தைச் சொல்லி எழுதுவோம்.

எதை எதிர்க்கிறோம் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. தெருவோரத்தில் கவுன்சில் போடும் தண்டம் வேறு. அதற்குத் தனிச் சட்டமும் தனித் தீர்ப்பாயமும் உண்டு. நாங்கள் பேசுவது சுப்பர்மார்க்கெட், சில்லறைக் கடை வளாகம், தனியார் உடற்பயிற்சி நிலையம், சில மருத்துவமனைகள் ஆகியவற்றின் வளவுக்குள் தனியார் நிறுவனங்கள் அனுப்பும் கட்டணக் கடிதத்தைப் பற்றி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் சுருக்கம் பி.சி.என்.தான். கடிதமும் அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும், கறுப்பும் மஞ்சளும் கட்டம் போட்ட கரையோடு. ஆனால் தனியார் அனுப்புவதற்குச் சட்டப்படி உள்ள மதிப்பு, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று ஒரு கம்பனி அனுப்பும் விலைப்பட்டியலுக்கு உள்ள மதிப்புத்தான். பலகையில் எழுதியிருந்த நிபந்தனையைப் பார்த்தாய், காரை விட்டாய், எனவே ஒப்புக்கொண்டாய் என்பது அவர்கள் வாதம்.

முன்பு இவர்கள் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 ஒக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து தனியார் நிலத்தில் அது குற்றம். பூட்டைப் பறித்த அதே சட்டம், 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், அதன் நான்காம் அட்டவணையில் வேறொன்றைக் கொடுத்தது. ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும், சில நிபந்தனைகளை நிறைவேற்றினால், வாகனத்தின் பதிவுகாரரிடமே பணம் கேட்கலாம் என்ற உரிமை அது. பதிவுகாரரின் பெயரையும் விலாசத்தையும் ஸ்வான்சியில் உள்ள வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. தலைக்கு 2.50 பவுணுக்குக் கொடுக்கிறது. இப்படிக் கொடுக்கும் எண்ணிக்கை வருடத்துக்கு ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. தானியங்கிக் கமராவும் இந்த விலாச வசதியும் சேர்ந்ததும் தரிப்பிடத்தில் மனிதர் தேவையில்லாமல் போயிற்று. நடக்க முடியாதவரைக் கண்ணால் கண்டு, சரி போங்கள் என்று சொல்லக்கூடிய காவலாளியும் அதோடு போய்விட்டார்.

கமரா என்ன பார்க்கிறது? வாசலில் உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும். இடையில் நடப்பது அதற்குத் தெரியாது. தெரியாததை நாங்கள் சொல்கிறோம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர் தனியே கார் ஓட்டி வருகிறார். நீலக் குறியிட்ட இடங்கள் நிறைந்திருக்கின்றன, சுற்றிக்கொண்டு நிற்கிறார். ஒன்று காலியாகிறது. சாதாரண இடம் 2.4 மீட்டர் அகலம்; மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்துக்கு அதைவிடப் பக்கத்தில் 1.2 மீட்டர் சாய்கோடு போட்டிருக்கும். அந்தச் சாய்கோடு அழகுக்குப் போட்டதல்ல. கதவை முழுதாகத் திறந்து, பக்கத்து இருக்கையில் கிடக்கும் நாற்காலிச் சட்டத்தை மார்புக்கு மேலாகத் தூக்கி வெளியே இறக்கி, ஒரு சக்கரத்தை மாட்டி, மற்றதை மாட்டி, மெத்தையை வைத்து, பிரேக் விழுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி மாற்றுவதற்கு வேண்டிய இடம் அது. மழை பெய்தால் எல்லாம் நனையும், கை வழுக்கும். பின்பு கடைக்குள் லிப்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாற்றுத்திறனாளிகளின் கழிப்பறைக்கு ராடார் சாவி வைத்திருப்பார். திறந்தால் உள்ளே துடைப்பமும் தண்ணீர் வாளியும் அடுக்கியிருக்கும், ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். சாமான் வாங்கி வெளியே வந்தால், சாய்கோட்டின் மேல் யாரோ காரை விட்டிருக்கிறார், “இரண்டு நிமிஷம்தானே” என்று. இனி ஏற வழியில்லை. வாடிக்கையாளர் மேசைக்குத் திரும்பிப் போய் அந்தக் காரின் எண்ணைச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொல்கிறார். வரிசையில் நிற்க வேண்டும். காரின் சொந்தக்காரர் வரவேண்டும். வந்தவர் மன்னிப்புக்கூடக் கேட்கமாட்டார், அது வேறு கதை. பிறகு இறக்கியதெல்லாம் மறுபடி தலைகீழாக ஏற்ற வேண்டும்.

சாய்கோட்டில் காரை விட்டவர் நேரத்தோடு வெளியேறிவிட்டார், அவருக்குக் கடிதம் இல்லை. காத்திருந்தவருக்கு 100 பவுண் கடிதம் வருகிறது. அனுமதித்த நேரத்தைத் தாண்டிவிட்டாராம்.

கடை வாசலில் படி இருந்தால் சாய்தளம் போட வேண்டும் என்று இப்போது யாரும் வாதாடுவதில்லை. “அதிகபட்சம் 90 நிமிடம்” என்று பலகையில் எழுதுவதும் எங்களுக்கு ஒரு படிதான். கடிகாரத்தில் கட்டிய படி என்பதால் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

நிறுவனங்கள் ஒவ்வொரு பதிலிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். அதைப் படித்துப் பார்த்தோம். செம்ஸ்போர்ட்டில் உள்ள ரிவர்சைட் கடை வளாகத்தில் பாரி பீவிஸ் என்பவர் இரண்டு மணி நேர இலவச அனுமதியைவிட 56 நிமிடம் கூடுதலாக நின்றார். 85 பவுண் கேட்டார்கள். நிறுவனத்துக்கு ஏற்பட்ட நட்டத்துக்கும் இந்தத் தொகைக்கும் தொடர்பில்லை, இது வெறும் தண்டனை என்று அவர் வாதாடினார். 2015 நவம்பர் 4ஆம் தேதி ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராகத் தீர்த்தார்கள். இடங்கள் அடுத்தவருக்குக் கிடைக்கும்படி சுழல வைப்பது நியாயமான நோக்கம், பலகைகள் பெரிதாகத் தெளிவாக இருந்தன, தொகை மிதமிஞ்சியது அல்ல என்பது அவர்கள் முடிவு. நிலச் சொந்தக்காரர் ஒரு ஓய்வூதிய நிதி. அங்கே தரிப்பிடத்தை நடத்த அந்த நிறுவனம் வாரத்துக்கு 1,000 பவுண் அவர்களுக்குக் கொடுத்தது என்ற தகவலும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. காசு கொடுத்து ஒருவர் தரிப்பிடத்தைக் காவல் செய்கிறார் என்றால் அவர் காசு எங்கிருந்து வருகிறது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

ஆனால் பீவிஸ் உடல் இயலாமை உள்ளவராக அந்த வழக்கை நடத்தவில்லை. சமத்துவச் சட்டம் அங்கே பேசப்படவில்லை. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை நியாயமானதா என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. அந்தப் பொது நிபந்தனையை எல்லோராலும் ஒரே மாதிரி நிறைவேற்ற முடியாதபோது என்ன செய்வது என்ற எங்கள் கேள்விக்குப் பதில் வேறு சட்டத்தில் இருக்கிறது.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், 20ஆம் பிரிவு. பொதுமக்களுக்குச் சேவை வழங்குபவர், தன்னுடைய ஒரு விதியோ நடைமுறையோ மாற்றுத்திறனாளிகளைக் கணிசமாகப் பின்தள்ளினால், அதைத் தவிர்க்க நியாயமான மாற்றம் செய்ய வேண்டும். கேட்டால் செய்கிறோம் என்று காத்திருக்க முடியாது. அவர்கள் வருவார்கள் என்று முன்கூட்டியே எண்ணி ஆயத்தமாக இருக்க வேண்டும். அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவு எங்களுக்கு மிகவும் பிடித்தது: அந்த மாற்றத்துக்கான செலவை மாற்றுத்திறனாளியிடமே வாங்கக் கூடாது. கூடுதல் நேரம் கொடுப்பது நியாயமான மாற்றம் என்றால், அந்த நேரத்துக்கு 100 பவுண் கேட்பது எந்தக் கணக்கு?

15ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. ஒருவருடைய இயலாமையிலிருந்து எழும் ஒன்றுக்காக, இங்கே மெதுவாக நடப்பதற்காக, அவருக்குப் பாதகமாக நடப்பது பாகுபாடு. நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழி அது என்று காட்டினால்தான் தப்பலாம். இயலாமை எங்களுக்குத் தெரியாது என்று சொல்லியும் இந்தப் பிரிவில் தப்பலாம். எங்கள் முதல் கடிதம் கைக்குக் கிடைத்த பிறகு அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் கடிதத்தை நாங்கள் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறோம்.

ஒப்பந்தம், ஒப்பந்தம் என்று சொல்பவர்களுக்கு 142ஆம் பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டம் தடுக்கும் விதத்தில் ஒருவரை நடத்த வழிசெய்யும் ஒப்பந்த நிபந்தனையை, அந்த அளவுக்கு, அவருக்கு எதிராக அமல்படுத்த முடியாது. தரிப்பிடத்தை நாங்கள் நடத்தவில்லை, அந்த நிறுவனத்தைக் கேளுங்கள் என்று கைகழுவும் கடைக்காரருக்கு 109ஆம் பிரிவு. முகவர் தன் அதிகாரத்தில் செய்வதற்கு முதலாளியும் பொறுப்பு. இந்த நான்கு பிரிவுகளையும் எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தேவாரம் தெரியாதவர்கூட இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிட அட்டையான புளூ பேட்ஜ். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இல் செம்மஞ்சள் அட்டையாகத் தொடங்கி 2000இல் நீலமானது. இங்கிலாந்தில் மட்டும் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் அது இருக்கிறது. 2019 ஓகஸ்ட் 30 முதல் வெளியே தெரியாத இயலாமை உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதன் சட்டபூர்வச் சலுகைகள் பொதுத் தெருவுக்கே, மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் போல. தனியார் நிலத்தில் அவை தாமாகப் பொருந்தா. நிறுவனங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அடிக்கின்றன. பேட்ஜ் உள்ளவரிடம், இது தனியார் நிலம், உங்கள் பேட்ஜ் இங்கே செல்லாது என்கிறார்கள். பேட்ஜ் இல்லாதவரிடம், பேட்ஜ் இல்லை, ஆகவே நீங்கள் மாற்றுத்திறனாளி இல்லை என்கிறார்கள். சமத்துவச் சட்டத்துக்கு பேட்ஜ் தேவையே இல்லை. அன்றாட வேலைகளைச் செய்வதைக் கணிசமாகப் பாதிக்கும் உடல் அல்லது உளப் பாதிப்பு, பன்னிரண்டு மாதம் நீடித்தது அல்லது நீடிக்கக்கூடியது, இவ்வளவே அளவுகோல். புற்றுநோய், எச்.ஐ.வி., மல்ட்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் ஆகியவற்றுக்குக் கண்டறிந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. கீமோதெரபிக்குப் போய்வந்த வாரத்தில் மருந்து வாங்கக் கடைக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்த ஓர் அக்காவிடம், பேட்ஜ் எங்கே என்று கேட்கும் பதிலை நாங்கள் இனி ஏற்கமாட்டோம்.

இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து எட்டாத உயரத்தில் காசு போடும் துளை, வெயிலில் தெரியாத திரை, நடுங்கும் விரலுக்கு அடங்காத தொடுபலகை, கைபேசிச் செயலியில் மட்டும் கட்டலாம் என்ற அறிவிப்பு. பேட்ஜ் உள்ளவர்களுக்கு இலவசம், ஆனால் உள்ளே போய்க் கார் எண்ணைத் தட்ட வேண்டும் என்ற விதியைக் கண்டுபிடித்தவரைச் சந்திக்க ஆசை.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயில் தேர் நாளில் சாய்கோட்டின் மேல் நிற்கும் கார்களில் நம்மவர் கார்கள் இல்லையா? அம்மம்மா வீட்டில் படுத்திருக்க, அவவின் பேட்ஜைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பேரன் வெஸ்ட்ஃபீல்ட் கடை வளாகத்துக்குப் போவது நடக்கவில்லையா? பேட்ஜைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு 1,000 பவுண் வரை அபராதம் உண்டு; அபராதத்தைவிடப் பெரிய கேடு, உண்மையாகத் தேவைப்படுபவரின் சொல்லை யாரும் நம்பாமல் போவது. அப்படிச் செய்பவருக்கு எங்கள் இயக்கத்தில் இடமில்லை. அவர் எவ்வளவு பெரிய குடும்பமானாலும், கோயில் நிர்வாகத்தில் இருந்தாலும். அதுபோல, சும்மா நேரம் போனது தெரியாமல் நின்றுவிட்டு இயலாமையைச் சாட்டாகச் சொல்ல வருபவருக்கும் நாங்கள் எழுதிக் கொடுக்கமாட்டோம்.

எங்கள் சமூகத்தில் இந்தக் கடிதங்கள் ஏன் இவ்வளவு எளிதாகக் காசாகின்றன என்பதையும் யோசித்தோம். 14 நாளுக்குள் கட்டினால் 40 சதவீதம் தள்ளுபடி. 60 பவுணோடு தொல்லை போகட்டும் என்று அப்பா கட்டிவிடுகிறார், பிள்ளைகளுக்குச் சொல்லாமலே. கோர்ட் என்ற சொல்லைக் கண்டால் நெஞ்சு பதைக்கிற தலைமுறை அது. சீருடைக்காரர் கதவைத் தட்டிய ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பயப்படாதீர்கள் என்று சொல்வது சுலபம். ஆகவே பயம் எங்கே நியாயம், எங்கே தேவையில்லை என்று பிரித்துச் சொல்கிறோம்.

கடன் வசூல் நிறுவனத்தின் சிவப்பு எழுத்துக் கடிதத்துக்குப் பயம் தேவையில்லை. அவர்கள் பெய்லிஃப் அல்லர். வீட்டுக்குள் நுழையவும் பொருளைத் தூக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் சேர்க்கும் 70 பவுண் வெறும் எழுத்துக் கூலி. ஆனால் நோர்தாம்ப்டனிலிருந்து நீதிமன்றத்தின் கோரிக்கைப் படிவம் வந்தால் அலட்சியம் கூடாது. அது கையில் சேர்ந்து 14 நாளுக்குள் ஏற்புப் பதிவு செய்தால், எதிர்வாதம் தர 28 நாள் கிடைக்கும். ஒன்றும் செய்யாவிட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருடம் பதிவேட்டில் இருக்கும், வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். எதிர்த்து வாதாடித் தோற்றால்? சிறு கோரிக்கைப் பிரிவில் பொதுவாகக் கட்டணத்தோடு 35 பவுண் நீதிமன்றக் கட்டணமும் விசாரணைக் கட்டணமும் 50 பவுண் சட்டத்தரணிச் செலவும் வட்டியும் சேரும். நியாயமில்லாமல் நடந்துகொண்டால் ஒழிய, ஆயிரக்கணக்கில் செலவு சுமத்துவதில்லை. உரிய நாளுக்குள் கட்டிவிட்டால் பதிவேட்டிலும் இராது. அப்பாவின் பயத்துக்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு மருந்து எங்களிடம் இல்லை.

இந்த அடிப்படையில் எங்கள் கோரிக்கைகளை வைக்கிறோம்.

பாராளுமன்றம் 2019இல் தனியார் தரிப்பிடங்களுக்கு அரசாங்க நடத்தை விதி வேண்டுமென்று சட்டம் இயற்றியது. எல்லாக் கட்சியும் ஆதரித்த சட்டம். 2022 பெப்ரவரியில் விதி வெளிவந்தது, வசூல் கூலியைத் தடைசெய்தது, பல இடங்களில் கட்டணத்தை 50 பவுணாகக் குறைத்தது. நிறுவனங்கள் வழக்குக்குப் போனதும் அதே வருடம் ஜூனில் அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. 2024இல் தரிப்பிட நிறுவனங்களின் இரண்டு சங்கங்களும் சேர்ந்து தாங்களே ஒரு விதி எழுதிக்கொண்டன. 100 பவுண் உச்சம் அப்படியே, 70 பவுண் கூலியும் அப்படியே. 2025 ஜூலையில் அரசாங்கம் மறுபடி கருத்துக் கேட்கத் தொடங்கியது. சட்டம் கேட்ட விதியை அரசாங்கம் வெளியிட வேண்டும். அதில் இயலாமை காரணமான கூடுதல் நேரம் உரிமையாக எழுதப்பட வேண்டும். பத்து நிமிடச் சலுகை எல்லோருக்கும் பொதுவானது, அதை எங்களுக்குத் தந்த சலுகையாகக் காட்ட விடமாட்டோம்.

ஒவ்வொரு தரிப்பிடத்திலும், கூடுதல் நேரம் தேவைப்படுபவர் முன்கூட்டியோ அன்றைக்கோ பின்னரோ பதிவு செய்ய ஒரு வழி வேண்டும்: தொலைபேசியில், கடை மேசையில், எழுத்தில், கைபேசி இல்லாமலும். அந்த வழி பலகையிலேயே, கட்டணத் தொகை எழுதியிருக்கும் அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சாய்கோட்டை மறிக்கும் காரைக் கவனிக்க முடியாத நிறுவனத்துக்கு எங்கள் நிமிடங்களை எண்ணத் தகுதியில்லை. இயலாமையைச் சொல்லி முறைப்பாடு வந்த பிறகும் பணத்தைத் துரத்தும் நிறுவனத்துக்கு டி.வி.எல்.ஏ. விலாசம் விற்பதை நிறுத்த வேண்டும்.

கடைசியாக ஒரு கால அநீதி. ஒப்பந்தத்தைக் காட்டி எங்கள் மேல் வழக்குப் போட நிறுவனங்களுக்கு இங்கிலாந்தில் ஆறு வருடம் இருக்கிறது. அதே சம்பவத்தில் பாகுபாட்டுக்காக நாங்கள் அவர்கள் மேல் வழக்குப் போட ஆறு மாதம். நீதிமன்றம் நியாயம் என்று கருதினால் நீட்டலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. ஆறு மாதம் முடியும்வரை சும்மா இருந்துவிட்டுப் பிறகு கோரிக்கைப் படிவம் அனுப்பும் நிறுவனத்தை இந்தச் சட்டம் ஒன்றும் கேட்பதில்லை. இந்த இடைவெளியை மூட வேண்டும்.

பாராளுமன்றம் அசையும்வரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. கடிதம் வந்த ஒவ்வொருவருக்கும் எழுத உதவுவோம். முதல் கடிதம் நிறுவனத்துக்கு, அதன் பிரதி அன்றே நிலச் சொந்தக்காரருக்கும் கடையின் தலைமை அலுவலகத்துக்கும். பல வேளைகளில் கடை முகாமையாளரின் ஒரு மின்னஞ்சலில் தீர்ந்துவிடும். வாடிக்கையாளரை இழக்க அவர் விரும்பமாட்டார். கடிதத்தில் வியாதிக் கோப்பு முழுவதையும் இணைக்கத் தேவையில்லை. நோயின் பெயரைவிட, அன்றைக்கு அது உங்களை எங்கே எவ்வளவு நேரம் நிறுத்தியது என்பதை எழுத வேண்டும். லிப்ட், கழிப்பறை, மறித்த கார், உட்கார்ந்த பெஞ்ச், எல்லாம். ஓட்டியவர் யார் என்று தனியார் நிறுவனத்துக்குச் சொல்லும் கடமை பதிவுகாரருக்கு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

நிறுவனம் மறுத்தால் முறையீட்டுச் சேவைகளான பொப்லாவுக்கோ ஐ.ஏ.எஸ்.ஸுக்கோ, அந்த நிறுவனம் எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப, முறையீடு. பொப்லாவின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. அங்கே தோற்றாலும் கதை முடியவில்லை. நீதிமன்றம் வரை போனால் தனியே போக விடமாட்டோம். சிறு கோரிக்கை விசாரணையில், நீங்கள் நேரில் இருந்தால், சட்டத்தரணி அல்லாத ஒருவரும் உங்களுக்காகப் பேசலாம். ஆங்கிலம் சரளமாகப் பேசும் நம் இளையவர்களை இதற்குப் பழக்குவோம். பட்டிமன்றத்தில் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய வேலை இல்லை.

வெல்வோம் என்று யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கமாட்டோம். ஒவ்வொரு வழக்கும் அதன் விபரங்களில் தீரும். டக் போலி என்ற சக்கர நாற்காலிப் பயணி 2012இல் பஸ்ஸில் இடம் கிடைக்காததால் ஏற முடியாமல் போய், 2017 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். அதுவும் அவர் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. இடத்தை விடுங்கள் என்று சாரதி ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதாது, அதற்கு மேலும் முயல வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்கு ஐந்து வருடம். எங்களுக்கும் அவ்வளவு காலம் எடுக்கலாம்.

ஸ்கொட்லாந்து உறுப்பினர்கள் கவனிக்க: பதிவுகாரரைப் பிடிக்கும் நான்காம் அட்டவணை அங்கே இல்லை. வட அயர்லாந்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் 1995ஆம் ஆண்டின் பழைய மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுச் சட்டமே இன்னும் நடக்கிறது. அவர்களுக்கான கடித மாதிரிகளைத் தனியே தயாரிப்போம்.

சேர்வதற்குச் சந்தா இல்லை. எழுதிக் கொடுப்பதற்குக் காசு வாங்கமாட்டோம். வெற்றியில் பங்கும் கேட்கமாட்டோம், அப்படிக் கேட்கும் யாரும் எங்கள் பெயரில் வந்தால் துரத்திவிடுங்கள். வரும்போது கடிதத்தைக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பலகையைப் படம் எடுங்கள், நாற்காலியிலிருந்து அல்லது கார் இருக்கையிலிருந்து தெரிகிற உயரத்தில். வாங்கிய சாமானின் பற்றுச்சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். கடிதம் வந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள். கமராவை நம்பி அனுப்பும் கடிதம் சம்பவத்துக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கைக்கு வராவிட்டால் பதிவுகாரரிடம் கேட்கும் உரிமை போய்விடும். ஆகவே கதவுக்கடியில் அது கிடந்த நாளைப் பேனாவால் உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.